கோயிலைக் கட்டிய அரசமரபைக் கல்லிலிருந்தே அறிவது எப்படி?

கேள்வி: விடுமுறைகளில் குடும்பத்துடன் தமிழகத்தின் பழைய கோயில்களுக்குச் செல்கிறோம். எங்கு கேட்டாலும் "சோழர் கட்டியது" என்றே சொல்கிறார்கள். பல்லவர், சோழர், விஜயநகரத்தார், நாயக்கர் ஆகியோரின் பணிகளை நாமே பார்த்துப் பிரித்தறிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் "இக்கோயிலைக் கட்டியவர் யார்" என்பதற்குப் பதிலாக, "நான் நிற்கும் இந்தப் பகுதியைக் கட்டியவர் யார்" என்று கேட்கப் பழகுங்கள். திருவரங்கத்தில் நாம் முதலில் காணும் 236 அடி உயர இராஜகோபுரம் நிறைவடைந்தது 1987ஆம் ஆண்டில்தான். உள்ளே செல்லச் செல்ல நாயக்கர், விஜயநகரத்தார், சோழர் என்று காலம் பின்னோக்கி நகர்கிறது. ஆகவே கோபுரத்தை வைத்து வயதை முடிவு செய்ய வேண்டாம். அதன் சுதைச் சிற்பங்கள், அதாவது சுண்ணச்சாந்தால் செய்தவை, திருப்பணிதோறும் புதுப்பிக்கப்படுபவை. நேராகக் கருவறையைச் சுற்றியுள்ள பகுதிக்குச் செல்லுங்கள்.

அங்கே நான் முதலில் பார்ப்பது போதிகையை. தூணின் தலைக்கும் மேலுள்ள உத்திரத்துக்கும் இடையில் கைவிரித்தாற்போல் நிற்கும் கல்லே போதிகை. சிற்பங்களைப் போலக் கண்ணைக் கவராத இந்த உறுப்பு, காலத்தைக் காட்டுவதில் அவற்றைவிட நம்பகமானது என்பது என் துணிபு. பல்லவர் போதிகை பெரும்பாலும் வளைவாக, அலைகளை அடுக்கியது போன்ற தரங்கத்துடன் இருக்கும். சோழர் காலத்தில் அது சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டுப்போதிகையாக மாறுகிறது. பிற்காலச் சோழர், பாண்டியர் காலத்தில் அம்முனை மெல்லக் கீழ்நோக்கி வளைந்து, விஜயநகரக் காலத்தில் தொங்கும் பூமொட்டாகிறது. நாயக்கர் மண்டபங்களில் அந்த மொட்டு மேலும் பருத்து வாழைப்பூவை நினைவூட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் இவ்வளர்ச்சியை வரிசைப்படுத்திக் காட்டினார்.

தூண்களும் உதவும். மேலும் கீழும் சதுரமாகவும் இடையில் எட்டுப்பட்டையாகவும் உள்ள பருத்த தூண்கள், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலக் குடைவரைகளுக்கு, அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயில்களுக்கு, உரியவை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி எழுப்பியதாக அவன் கல்வெட்டில் பொறித்த மண்டகப்பட்டுக் குடைவரையில் அவற்றைக் காணலாம். தூணடியில் சிங்கம் இருந்தால் பிற்காலப் பல்லவரை நினையுங்கள். தூணை விட்டு வெளியே பாயும் குதிரைகளும் ஆளுயரச் சிற்பங்களும் விஜயநகர, நாயக்கர் கால அடையாளங்கள்.

இறுதியாக, அதிட்டானம் எனப்படும் அடிப்பீடத்திலும் சுவரிலும் உள்ள கல்வெட்டு. "கோ இராஜகேசரி", "கோப்பரகேசரி" ஆகியவை சோழர் மாறி மாறிச் சூடிய பட்டங்கள். "சடையவர்மன்", "மாறவர்மன்" என்றிருந்தால் பாண்டியர். "மதிரை கொண்ட கோப்பரகேசரி" முதலாம் பராந்தகன். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்கினால் முதலாம் இராஜராஜன்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலான கல்வெட்டுகள் விளக்குக்கும் நிலத்துக்கும் அளித்த கொடையைச் சொல்பவை. கொடையாளர் கோயிலைக் கட்டியவர் ஆகமாட்டார். அதற்கு முன்பே கட்டடம் இருந்தது என்பதை மட்டுமே அவற்றிலிருந்து பெறலாம். செங்கல் தளிகளை (கோயில்களை) கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றியபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டியதும் உண்டு. சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருப்பணி செய்த திருக்கோடிகாவில் அவ்வாறு நிகழ்ந்தது. அத்தகைய இடத்தில் கல்வெட்டின் ஆண்டு, சுவரின் ஆண்டைவிட மூத்ததாகிவிடும். எனவே கல்வெட்டும் போதிகையும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்து தெளியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவிவிடாதீர்கள். கல்லுக்கு அது பெருந்தீங்கு. சிறிய கைவிளக்கு ஒன்றைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் துலங்கும்.