போக ஆறு மணி, திரும்ப இருபத்தொரு மணியா?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டனில் வேலை பார்க்கும் மகளைக் காண டிசம்பரில் புறப்படுகிறேன். கோலாலம்பூரில் இரவு 11:30-க்கு விமானம் ஏறினால் மறுநாள் விடிகாலை 5:40-க்கு லண்டனில் இறங்கலாம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போதோ காலை 10:00-க்குக் கிளம்பி மறுநாள் காலை 7:00-க்குத்தான் வந்துசேருமாம். தூரம் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?
(ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். டிசம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பிந்தியிருப்பதால், நீங்கள் அங்கே இறங்கும் 5:40-க்கு சுங்கை சிப்புட்டில் பிற்பகல் 1:40 ஆகியிருக்கும். ஆக, போகும் பயணம் 14 மணி 10 நிமிடம். திரும்பும் 21 மணியில் 8-ஐக் கழித்தால் 13 மணி. (உங்கள் வயதினருக்கு நினைவிருக்கும், 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினோம். அதுவரை தமிழகத்துக்கும் நமக்கும் இரண்டே மணி நேர வித்தியாசம்தான்.)

மீதியுள்ள 70 நிமிடத்துக்குக் காரணம் காற்று. தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வட இந்தியாவின் மேலேயே வலுத்து வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

தூரம் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அடிக்கோலை வைத்தால் இந்தப் பாதையின் நடுப்பகுதி பாரசீக வளைகுடாவில் விழும். ஆனால் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நடுப்புள்ளி வடக்கே ஏறி, சமர்கண்டுக்குச் சற்றுத் தெற்கே போய் நிற்கும். உருண்டையின் மேல் அதுவே குறுக்குவழி. (தம்புன் பொமெலோவிலும் செய்து பார்க்கலாம்; காம்புப் பக்கம் கூம்பியிருப்பதால் கணக்கு சற்றே பிசகும்.) போர் நடக்கும் நாடுகளின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றும்போது, பறக்கும் தூரம் இந்தக் கணக்கைவிடக் கூடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் டிக்கெட் நேரத்தில் அடக்கம் என்பதால், தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால் விடை ஒத்துவராது.

மகளிடம் 5:40-க்கே வாசலில் நிற்கச் சொல்லாதீர்கள். குடிநுழைவு வரிசையைத் தாண்டிப் பெட்டியை எடுக்க நேரமாகும். கைக்கடிகாரத்தை வழியில் திருப்பாமல் விட்டுவிட்டால், இறங்கும்போது அது 1:40 காட்டும்.