பழைய சர்ஃபேஸ் கிரைண்டர்: ‘இருக்கும் நிலையில்’ என்று பில் போட்டால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், கோவையில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் சிறு பட்டறை வைத்து, டை வேலைகளைக் கூலிக்குச் செய்துவருகிறேன். பழைய மெஷின்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரிடம் சென்ற மாதம் 18 × 6 அங்குல சர்ஃபேஸ் கிரைண்டர் (உலோகப் பரப்பை மட்டமாகத் தேய்க்கும் மெஷின்) ஒன்றை ரூ.1,85,000-க்கு வாங்கினேன். ‘ஸ்பின்டிலுக்கு (கல்லைச் சுழற்றும் தண்டு) புது பேரிங் போட்டிருக்கிறது, பத்து மைக்ரானுக்குள் நிற்கும்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். கிடங்கில் சும்மா ஓட்டித்தான் காட்டினார். கட் வைத்து, அதாவது ஒரு ஜாப்பைத் தேய்த்துப் பார்க்கவில்லை. இங்கே ஓட்டினால் ஜாப்பில் அலை விழுகிறது; முனைக்கு முனை அறுபது மைக்ரான் வித்தியாசம் வருகிறது. பத்து நாளில் போனில் சொல்லிவிட்டேன். ‘பார்த்துத்தானே எடுத்தீர்கள், பில்லிலும் இருக்கும் நிலையில் என்று போட்டிருக்கிறேன்’ என்கிறார். திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற முடியுமா?

பதில்: முதலில், மேக்னடிக் சக்-ஐ (ஜாப்பைப் பிடித்துவைக்கும் காந்தப் பலகை) கிரைண்ட் செய்து மட்டப்படுத்தும் எண்ணம் இருந்தால் அதை இன்றே நிறுத்திவையுங்கள்; ஸ்பின்டிலையும் திறக்க வேண்டாம். பொருள் இன்னமும் விற்றவருடையதே என்ற நிலைக்கு முரணாக நீங்கள் எதையாவது செய்தாலும், நியாயமான காலத்திற்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலும், அதை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆம் பிரிவு கருதும். ஏற்றுக்கொண்டபின் மெஷினைத் திருப்பித் தரும் உரிமை பொதுவாகப் போய்விடும். 13-ஆம் பிரிவின்படி இழப்பீடு மட்டுமே மிஞ்சும். போனில் சொன்னதை அவர் நாளைக்கு மறுக்கலாம் என்பதால், மெஷினை ஏற்கவில்லை என்பதை எழுத்தில், சேர்ப்பு அத்தாட்சியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

‘இருக்கும் நிலையில்’ என்ற வாசகத்துக்கு வியாபாரி நினைக்கும் அளவுக்குப் பலம் இல்லை. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்று 16-ஆம் பிரிவு தரும் உட்கிடையான பாதுகாப்பை அது குறைக்கலாம். மேலும், பரிசோதித்து வாங்கியவர் அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பின்னால் சொல்ல முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. டூல் ரூமில் இருந்தவர் கட் வைத்துப் பார்க்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். ஆனால் ‘புது பேரிங்’ என்பது அவரே வெளிப்படையாக எழுதிக்கொடுத்த கூற்று. அது பொய்யென்று தெரிந்தே எழுதியிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17-ஆம் பிரிவில் வரும் மோசடியாகும். 19-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தையே நீங்கள் ரத்து செய்யலாம், பில்லின் வாசகம் அதற்குக் கேடயமாகாது.

ஆகவே, வழக்கை அறுபது மைக்ரானின் மேல் கட்டாதீர்கள். லெவல் பார்க்காமல் மெஷினை நிறுத்தியதாலும், இடம் மாற்றியபின் மேக்னடிக் சக்-ஐ கிரைண்ட் செய்யாததாலும் அந்த வித்தியாசம் வரும் என்று அவர் சொன்னால் மறுப்பது கடினம். அலைக்கும் கல் பேலன்ஸ் இல்லாததைக் காரணம் காட்டுவார். அதனால் தகுதியுள்ள ஒரு பொறியாளரை வைத்து, மெஷினை லெவல் செய்து, பேலன்ஸ் செய்த கல்லைப் பொருத்தி, ஸ்பின்டிலின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து, ஒவ்வொரு படியையும் அறிக்கையாக எழுதி வாங்குங்கள். வியாபாரிக்கு முன்கூட்டியே தேதி சொல்லி, சோதனைக்கு வரும்படி அழையுங்கள். அவர் வராவிட்டால் அதுவும் உங்களுக்கு அனுகூலமே. பேரிங் உண்மையில் பழையதா என்பதற்கு ஸ்பின்டிலைத் திறந்தாக வேண்டும் என்றால், அதை நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவோடு செய்வதே பாதுகாப்பு.

கூலி வேலைக்கு வாங்கிய மெஷினுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடம் உண்டா? உண்டு. லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் மனுதாரரை நுகர்வோர் அல்ல என்றுதான் தீர்ப்பளித்தது. ஆனாலும் பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு லேத் மெஷின் வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றும் அதே தீர்ப்பில் விளக்கியது. வணிக நோக்கத்தில் வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்றாலும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு அதிலிருந்து தரும் விலக்கை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-உம் தொடர்கிறது. உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அது கிடைக்காவிடில் பழுதுபார்க்கும் செலவை இழப்பீடாக மாற்றுக் கோரிக்கையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்றவர் வியாபாரியாக இல்லாமல், தன் பட்டறையை மூடும்போது சொந்த மெஷினை விற்ற தனிநபராக இருந்திருந்தால், சிவில் நீதிமன்றத்திற்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் போனை அப்படியே வைத்திருங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டும். இன்னொன்று: பிழைப்புக்காகத் தொழில் செய்கிறேன் என்று மனுவில் எழுதப்போகிறீர்கள். ஷெட்டுக்கு வீட்டு இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால், மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்க அந்த வாசகமே போதும். மனுவுக்கு முன்பே உரிய தொழில் இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.