டர்ஹம் வரும் தம்பிக்கு, பந்து விஷயமாக

ஆகஸ்டில் டியூக் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்து டர்ஹம் நகருக்கு வருகிறேன், வாடகை எவ்வளவு, மளிகை எங்கே, கார் இல்லாமல் சமாளிக்கலாமா, அப்புறம் எல்லாரும் கூடைப்பந்து கூடைப்பந்து என்கிறார்களே, அது நமக்கெதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை இப்போது படிப்பவர்களிடம் கேளுங்கள், எனக்குத் தெரிந்தது பழங்கதை. மளிகைக்குப் பக்கத்து ஊர் கேரி இருக்கிறது, பெருமாள் கோயிலும் அங்கேதான். நான் எழுத வந்தது கடைசிக் கேள்விக்காக.

நமக்கெதற்கு என்று மட்டும் இருந்துவிடாதீர்கள் தம்பி. 2001-ல் நான் வந்தபோது உதவித்தொகை கைக்கு வரத் தாமதம், ஆய்வகத்தில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. பேசியவர் ஒரே ஒருவர், கருவிகளைப் பார்த்துக்கொண்ட உள்ளூர்ப் பெரியவர். அவர் பேசியது முழுக்கப் பந்து. அதுவும் டியூக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டே டியூக்கைத் திட்டுவார்.

காரணம் இருக்கிறது. பத்து மைல் தள்ளிச் சாப்பல் ஹில்லில் இருக்கிற நார்த் கரோலினா பல்கலைக்கழகம் மாநிலத்துடையது, உள்ளூர்ப் பிள்ளைகள் படிப்பது. டியூக் தனியார், மாணவர்கள் பெரும்பாலும் வெளி மாநிலம். அதனால் டர்ஹம்காரர்களிலேயே பலர் கரோலினா பக்கம். குலதெய்வம் மாதிரி, தாத்தா வழியில் வருவது. கேன்டீனில் பரிமாறுபவரிடம் போய் "நம்ம டீம்" என்று ஆரம்பிக்காதீர்கள். வெளிர்நீலம் கரோலினா, அடர்நீலம் டியூக். துணி எடுக்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

டியூக் மாணவர்களின் பைத்தியம் வேறு ரகம். 1940-ல் திறந்த டியூக்கின் கூடைப்பந்து அரங்கான கேமரனில் 9,314 பேருக்குத்தான் இடம். மாணவர்கள் ஆடுகளத்தை ஒட்டியே, நீலச் சாயம் பூசிய முகத்தோடு, கடைசி வரை நின்றுகொண்டே கத்துவார்கள். கரோலினா ஆட்டத்துக்காக இளங்கலைப் பிள்ளைகள் ஜனவரிக் குளிரில் வாரக்கணக்காகக் கூடாரத்தில் கிடப்பார்கள். 1986-ல் தொடங்கிய வழக்கம். ராத்திரியில் ஆளிருக்கிறதா என்று சோதனை வேறு. முதுகலைக்காரர்களுக்குச் செப்டம்பரில் ஒரு வார இறுதி கேம்பவுட். வேன் வாடகைக்கு எடுத்து அதிலேயே படுப்பார்கள். அழைப்புச் சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் ஓடிப்போய்ப் பதிய வேண்டும். தாக்குப்பிடித்தவர்களுக்குக் குலுக்கல். பரிசு டிக்கெட் இல்லை, சீசன் டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கும் உரிமை! நம்மவர்கள் சிலர் அதை வாங்கி லாபத்துக்கு விற்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருடம் கேரியில் இருந்தும் கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறு தெரியாதவர்கள் இன்னொரு கூட்டம். நான் இன்று எந்தத் தடுப்பாட்டத்தையும் உள்ளூர்க்காரனுக்கே விளக்குவேன்.

ஆட்டக்காரர்கள் மேல் ரொம்பப் பாசம் வைக்காதீர்கள். பள்ளி முடித்து ஒரு வருடம் கழித்துத்தான் என்.பி.ஏ. எனும் தொழில்முறை லீக்குக்குப் போகலாம் என்று 2006-ல் விதி வந்தபிறகு, திறமைசாலிப் பிள்ளைகள் ஒரு சீசன் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஸயான் வில்லியம்சனும் அப்படித்தான். 2019-ல் கரோலினா ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அவன் ஷூ கிழிந்து விழுந்தான், அரங்கமே உறைந்துபோனது. பதினெட்டு வயதுப் பையன்களைத் தோற்றதற்காக இணையத்தில் திட்டுகிற கூட்டத்தோடு சேராதீர்கள்.

எங்கள் பெரியவருக்கு ஆட்டக்காரர்களைவிடக் கோச் முக்கியம். கரோலினாவின் டீன் ஸ்மித் 2015-ல் இறந்தபின், தன்னிடம் ஆடியவர்கள் ஒவ்வொருவருக்கும் உயிலில் 200 டாலர் எழுதி வைத்திருந்தது தெரியவந்தது, வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடச் சொல்லி. பெரியவர் போனில் இதைச் சொல்லும்போது குரல் கம்மியது. எனக்கும்தான், டியூக்காரனாக இருந்தும்.

2022 ஏப்ரலில் எங்கள் கோச் ஷஷெவ்ஸ்கியின் கடைசி ஆட்டம் நியூ ஆர்லியன்ஸில். தேசியப் போட்டித்தொடரில் இரண்டு அணிகளும் மோதியது அதுதான் முதல் தடவை. 81-77, கரோலினா. அன்றிரவு பெரியவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. ஞாயிறும் எடுக்கவில்லை. திங்கள் இறுதியாட்டத்தில் கரோலினா பாதியில் 15 புள்ளி முன்னிலையில் இருந்தும் கான்சாஸிடம் தோற்றது. உடனே நானே கூப்பிட்டேன்.