ஐந்து வாட், ஒரு மலை: கேள்விகளும் பதில்களும்

ஏற்காட்டுப் பக்கம் சேர்வராயன் உச்சியிலிருந்து ஹாம் ரேடியோவில் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) பேசியதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்: ஐந்து வாட் ஹேண்டியில் (கையடக்க ரேடியோவில்) எவ்வளவு தூரம் பேசலாம் சார்?

வாட்டை விடுங்கள் ஓஎம் (ஹாம் நண்பரை இப்படித்தான் அழைப்போம்), எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேராகப் போகும். பூமியின் வளைவு எங்கே மறைக்கிறதோ அதுதான் எல்லை. தரைக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்களோ, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வந்துவிடும். தெருவில் நின்று ஹேண்டியைத் தலையளவில் பிடித்தால் 5 கிலோமீட்டர்தான். சேர்வராயன் உச்சி சேலம் சமவெளிக்கு மேல் சுமார் 1,300 மீட்டர். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். எதிரில் இருப்பவர் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருந்தால் இன்னும் 12 கூடும். அவரும் மலை உச்சியில் நின்றால் இரண்டு தூரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நடுவில் கல்வராயனோ கொல்லிமலையோ நின்றால் அதற்குப் பின்னால் நிழல்தான். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

திருப்பூர்: அப்படியென்றால் 50 வாட் மொபைல் ரிக்கை (வண்டியில் வைக்கும் ரேடியோவை) எடுத்துப் போனால் பத்து மடங்கு தூரம் வருமா?

வராது. பத்து மடங்கு சக்தி என்பது 10 டெசிபல். சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு கோடு 6 டெசிபல், ஆகவே எதிரில் இருப்பவருக்கு இரண்டு கோடுகூட ஏறாது. அதற்காகப் பெரிய பேட்டரியைச் சுமந்து ஏறி, பாதியில் களைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே உழைப்பை ஆன்டெனாவில் போடுங்கள். ஹேண்டியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, பழைய டிவி ரிப்பன் கம்பியில் சுருட்டி வைக்கும் ஜே-போல் ஆன்டெனா ஒன்று செய்யுங்கள். ஒன்றரை மீட்டர்தான். தூண்டில் கம்பில் தொங்கவிட்டால் போதும்.

இன்னொன்று, எடை குறைகிறதே என்று மெல்லிய ஆர்ஜி-174 ஆன்டெனா கேபிளை வி.ஹெச்.எஃப்.புக்கு (மேலே சொன்ன 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) போடாதீர்கள். 10 மீட்டர் நீளத்தில் பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே போய்விடும். அதே கேபிள் 14 மெகாஹெர்ட்ஸில் பரவாயில்லை.

சேலம், கல்லூரி மாணவர்: லைசென்ஸ் இல்லாமல் மலையில் பேசிப் பார்க்கலாமா?

கூடாது தம்பி. ஏஎஸ்ஓசி என்ற ஹாம் லைசென்ஸ் தேர்வு எழுதுங்கள். 12 வயது நிறைந்தாலே எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலைக்கு மோர்ஸ் (புள்ளி-கோடு சங்கேதம்) வேண்டாம். மலைக்கு வரும்போது லைசென்ஸ் நகல் பையில் இருக்கட்டும்.

ஈரோடு: நான் மலையில் நின்று ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாக ஆறு பேரிடம் பேசினேன். சோட்டாவில் பாயிண்ட் உண்டுதானே?

இல்லை. மற்றவர்களுக்காக: சோட்டா என்றால் சம்மிட்ஸ் ஆன் தி ஏர், 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய திட்டம். பட்டியலில் உள்ள சிகரத்துக்கு ஏறி நான்கு பேரிடமாவது பேசினால் பாயிண்ட். தரையில் உள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசியது சேராது.

மீண்டும் ஈரோடு: அது என்ன நியாயம் சார்? ரிப்பீட்டரும் ரேடியோதானே?

ரேடியோதான். நானும் தினமும் அதில் பேசுகிறேன், வெள்ள நேரத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் ரிப்பீட்டர் ஏற்கெனவே ஓர் உயரமான இடத்தில் நின்று உங்களுக்காக வேலை செய்கிறது. நீங்கள் அடிவாரத்தில் டீக்கடையில் நின்று பேசியிருந்தாலும் அதே ஆறு பேர் கிடைத்திருப்பார்கள். அப்புறம் எதற்கு மலை ஏறினீர்கள்? உங்கள் கையில் இருந்து கிளம்பிய அலை அவர் ஆன்டெனாவைத் தானாகப் போய்த் தொட வேண்டும். நீங்கள் ஏறிய ஒவ்வொரு மீட்டரும் அதில் தெரியும். அந்த மகிழ்ச்சியை விட்டுவிடாதீர்கள்.

மதுரை: சேர்வராயன் கோயில் பக்கம் வரை ரோடு போகிறதே. காரில் போய் இறங்குகிறவர் மட்டும் ஏறியவரா?

நல்ல கேள்வி. விதி இவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று அளவு சொல்லவில்லை. கடைசிப் பகுதி வண்டியில்லாமல் இருக்க வேண்டும், கருவி முழுவதும் நீங்கள் சுமந்து வந்ததாக இருக்க வேண்டும், வண்டியோடு எந்தத் தொடர்பும் கூடாது, பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. காரிலேயே உட்கார்ந்து கார் பேட்டரியில் பேசினால் செல்லாது. இறங்கிப் பையோடு நடந்தால் விதிப்படி சரி. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் வர வழியிருப்பது எனக்குச் சந்தோஷம்தான். முடிந்தவர்கள் கீழிருந்து நடங்கள் என்பது என் ஆசை.

ஈரோடு, மூன்றாம் முறை: சாட்டிலைட் வழியாகப் பேசினால் மட்டும் ஒப்புக்கொள்கிறார்களே?

ஆமாம், அது ஏற்கப்படுகிறது. விதி தரை ரிப்பீட்டரைத்தான் தடுக்கிறது. இதை இத்தோடு விடுவோம் ஓஎம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவை, ஒய்எல் (பெண் ஹாம்) ஒருவர்: 7 மெகாஹெர்ட்ஸில் மலை உயரம் உதவுமா?

வி.ஹெச்.எஃப். அளவுக்கு இல்லை அம்மா. அந்த அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. ஆனால் மலையில் வேறொன்று கிடைக்கும்: அமைதி. எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் இரைச்சல் எதுவும் இல்லாததால், வீட்டில் கேட்காத மெல்லிய குரல் காதில் விழும். 7.1-க்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவை 6 மீட்டர் தூண்டில் கம்பில் ஏற்றி இரு முனைகளையும் புதர் உயரத்தில் கட்டுங்கள். பகலில் சென்னையும் பெங்களூரும் நன்றாக வரும். கார்பன் ஃபைபர் கம்பு வேண்டாம், மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழையே நல்லது.

தர்மபுரி: லைசென்ஸ் எப்படி வாங்குவது?

மேலே சொல்லியிருக்கிறேன். அரசின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம்.

தேனி: மேகமலைப் பக்கம் எங்கே ஏறலாம்?

வழியை வனத்துறையிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. காட்டுத்தீக் காலத்தில் மூடினால் மூடியதுதான். உங்கள் மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

திருச்சி: இடி தூரத்தில் கேட்டால் தொடர்ந்து பேசலாமா?

இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். பேசவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி வந்தால் ஏற்கெனவே தாமதம். கொடைக்கானல் பக்கம் ஒருமுறை, தலைக்கு மேல் இருட்டவே இல்லை, ஆனால் ரிசீவரில் இரைச்சல் மெல்ல ஏறிக்கொண்டே போனது. கேபிளைக் கழற்றப் போன கையில் சுருக்கென்று பொறி தட்டியது. கம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். கம்பு திரும்பக் கிடைக்கவில்லை, அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை.

சென்னை: லைசென்ஸ் இல்லாமல் கேட்டதற்கு...

மேலே பாருங்கள்.

சேலம், அதே மாணவர்: தேர்வு எழுதிவிட்டால் அடுத்த முறை உங்களோடு வரலாமா?

கட்டாயம் வாருங்கள் தம்பி. காலை 5 மணிக்கு அடிவாரம். ஏப்ரல், மே, அக்டோபர் என்றால் 11 மணிக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுவோம், லாக்கில் (பேசியவர்களைக் குறிக்கும் பதிவேட்டில்) மூன்று பேர்தான் இருந்தாலும்.