ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி தொழிலை விட்டுப் போனால் நம் பாலிசி என்ன ஆகும்?

கேள்வி: மதுரை குன்னத்தூர் சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறோம். நானும் என் கணவரும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய்க்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்து, வருகிற தை மாதத்தோடு நான்கு வருடம் முடிகிறது. அவருக்கு 59 வயது, சர்க்கரை உண்டு. பாலிசி எடுக்கும்போதே அதை எழுதிக் கொடுத்துவிட்டோம். இதுவரை கிளைம் எதுவும் வாங்கவில்லை. இப்போது ஏஜென்ட் வந்து, "இந்தக் கம்பெனி தொழிலை விட்டுப் போகப்போகுது. ரெனியூ பண்ணாதீங்க. வேற கம்பெனியில புதுசா போட்டுக்கலாம், சர்க்கரையை எழுத வேண்டாம்" என்கிறார். நாங்கள் என்ன செய்ய?
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, தை மாதப் பிரீமியத்தைக் கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்பெனி போவதால் வரும் நஷ்டத்தைவிட, பாலிசி நடுவில் அறுந்துபோவதால் வரும் நஷ்டம்தான் உங்கள் குடும்பத்துக்கு மிகப் பெரியது.

ஏன் என்றால், நான்கு வருடமாக நீங்கள் சேர்த்து வைத்திருப்பது காத்திருப்புக் காலம். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு கிளைம் கிடைக்க, இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். 2024-க்கு முன்பு அது 4 ஆண்டாக இருந்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் கணவர் அதைத் தாண்டும் இடத்துக்கு வந்துவிட்டார். சர்க்கரையால் நாளைக்கு சிறுநீரகத்திலோ காலிலோ பிரச்சினை வந்தாலும், அதைக் காரணம் காட்டி கிளைமைத் தள்ள முடியாது. புதிதாகப் போட்டால் இந்தக் கணக்கு முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்கும். அது முடியும்போது அவருக்கு வயது 62 ஆகிவிடும். இன்னொன்று, தொடர்ந்து 5 ஆண்டு பிரீமியம் கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, 'நீங்கள் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை' என்று கம்பெனி கிளைமை மறுக்க முடியாது. அதற்கும் உங்களுக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

சரி, கம்பெனி உண்மையிலேயே போனால்? இன்சூரன்ஸ் கம்பெனி நினைத்த நாளில் ஷட்டரை இழுத்துவிட்டுப் போக முடியாது. ஐதராபாத்தில் இருக்கும் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதிக்க வேண்டும், பாலிசிதாரர்களை வேறு கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். 2018-இல் தொடங்கிய ரிலையன்ஸ் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இதுதான் நடந்தது. கிளைம்களைத் தாங்க ஒரு கம்பெனி கையில் எவ்வளவு வலு இருக்க வேண்டும் என்பதற்கு சால்வென்சி விகிதம் என்று ஓர் அளவு உண்டு, அது 1.5-க்குக் கீழே போகக் கூடாது. அந்தக் கம்பெனியில் அது இறங்கிக்கொண்டே போனதால், 2019 நவம்பரில் புதிய பாலிசி விற்பதை ஆணையம் நிறுத்தி, இருந்த பாலிசிகளின் பொறுப்பு முழுவதையும் ரிலையன்ஸ் ஜெனரல் இன்சூரன்ஸிடம் மாற்ற உத்தரவிட்டது. பாலிசிதாரர்கள் நடுத்தெருவில் விடப்படவில்லை.

பல நேரம் வெறும் இணைப்பையும் பெயர் மாற்றத்தையும்கூட 'மூடிட்டாங்க' என்று பரப்பிவிடுகிறார்கள். அப்போலோ மியூனிக் 2020-இல் எச்.டி.எஃப்.சி. எர்கோவோடு இணைந்தது. மேக்ஸ் பூபா 2021-இல் நிவா பூபா ஆனது. பாலிசிகள் தொடர்ந்தன. ஆகவே ஏஜென்டிடம் கேளுங்கள்: கம்பெனி எழுதிய கடிதம் எங்கே, ஆணையத்தின் உத்தரவு எங்கே? இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சுதான்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வங்கி திவாலானால் 5 லட்சம் வரை டெபாசிட்டைத் தர ஓர் அமைப்பு இருக்கிறது. இன்சூரன்ஸுக்கு அப்படி ஒன்று நம் நாட்டில் இல்லை. ஆணையத்தின் கண்காணிப்பையும், பாலிசிகளை வேறு கம்பெனியிடம் ஒப்படைப்பதையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இது போதாது என்பதே என் கருத்து. கைமாறும் நேரத்தில் கேஷ்லெஸ் (கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும்) மருத்துவமனைப் பட்டியல் மாறலாம், கிளைம் இழுத்தடிக்கப்படலாம். அதனால் மாறிக்கொள்வது நல்லது என்று உங்களுக்குத் தோன்றினால் தவறில்லை. ஆனால் அதற்கு வழி போர்ட்டபிலிட்டி, அதாவது இருக்கும் பாலிசியை அதன் பலன்களோடு வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது; புதுப் பாலிசி அல்ல.

2011 அக்டோபர் முதல் இருக்கும் உரிமை இது. காத்திருந்த நான்கு வருடமும் புதுக் கம்பெனியில் சேர்ந்து வரும். 5 லட்சத்தை 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதல் 5 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். தை வரட்டும் என்று இருந்துவிடாமல், புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேரும்படி பாருங்கள். ஒரு விஷயம், புதுக் கம்பெனி உங்களை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்க்கரையையும் வயதையும் பார்த்து மறுக்கலாம். பழைய கம்பெனி அப்படி மறுக்க முடியாது, மோசடியோ உண்மையை மறைத்ததோ இல்லாதவரை புதுப்பித்தே ஆக வேண்டும். அதனால் 'ஏற்றுக்கொண்டோம்' என்று எழுத்தில் வரும்வரை பழையதை விடாதீர்கள். தேதி நெருங்கியும் பதில் வராவிட்டால் பழையதையே கட்டிவிடுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டுதான், ஆனால் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பணம் கிடைக்காது.

'சர்க்கரையை எழுத வேண்டாம்' என்று சொல்பவர் பேச்சை இந்த விஷயத்தில் இனிமேல் கேட்காதீர்கள். படிவத்தில் கையெழுத்து உங்களுடையது. கிளைம் நின்றுபோனால் பில்லைக் கட்டப்போவதும் நீங்கள்தான். உண்மையை எழுதிக் கொடுத்து நான்கு வருடம் நேர்மையாகக் கட்டிய குடும்பத்தை, ஒரு பொய்யால் திரும்ப ஆரம்ப இடத்தில் நிறுத்துகிற யோசனை அது.

இந்த வாரமே நான்கு வருட பாலிசி பத்திரங்கள், பிரீமிய ரசீதுகள், முதலில் சர்க்கரையை எழுதிக் கொடுத்த படிவத்தின் நகல் ஆகியவற்றை எடுத்து ஒன்றாக வையுங்கள். படிவ நகல் இல்லையென்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். புதுப்பிக்க மறுத்தாலோ கிளைமை இழுத்தாலோ முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார்; கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆணையத்திடமும் 155255 என்ற எண்ணில் புகார் பதியலாம்.