ஜெபத்தோடு தொடங்கும் அலுவலகத்தில் ஏன் வேலை ஒருவர் தலையில் விழுகிறது?

கேள்வி: பாளையங்கோட்டையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகம். பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். தினமும் ஜெபத்தோடுதான் தொடங்குகிறோம். ஆனாலும் வேலையெல்லாம் ஒருவர் இருவர் தலையில்தான் விழுகிறது, புறணிப் பேச்சும் ஓயவில்லை. சேர்ந்து வேலை செய்வது பற்றி வேதம் உருப்படியாக ஏதாவது சொல்கிறதா?

பதில்:

இதற்கு வழக்கமாக 1 கொரிந்தியர் 12-ஐ எடுத்து, கண்ணும் கையும் காலும் ஒரே சரீரம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சரிதான், ஆனால் திங்கட்கிழமை காலையில் எந்த ஃபைலை யார் பார்ப்பது என்பதற்கு அதில் விடை கிடையாது. நெகேமியா 3-இல் கிடைக்கும். வெறும் பெயர்ப் பட்டியல் என்று பலர் தாண்டிப்போகிற அதிகாரம் அது. படித்துப் பார்த்தால் ஒரு வேலைப் பதிவேடு. எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, ஏறத்தாழ நாற்பது துண்டாகப் பிரித்து, எதிலிருந்து எதுவரை யார் என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறது. தட்டாரும் தைலக்காரரும் (3:8), சல்லூமின் குமாரத்திகளும் (3:12) அந்த வரிசையில் நிற்கிறார்கள். சிலருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள துண்டு. அரைகுறையாகக் கட்டினால் ஆபத்து முதலில் அவர் வீட்டுக்குத்தான். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள் (3:5). அதே ஊர்க்காரர்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு பங்கும் கட்டினார்கள் (3:27). 52 நாளில் அலங்கம் முடிந்தது.

நம் பக்கத்து அசனத்திலும், அதாவது சபையார் கூடிச் சமைத்துச் சாப்பிடும் விருந்திலும், இதே கணக்குத்தான். கிலோ அரிசிக்கு ஏழெட்டுப் பேர் என்று வைத்து அரிசி அளப்பவர் ஒருவர், முந்தின இரவே காய் நறுக்கும் கூட்டம் ஒன்று, தண்ணீருக்கு ஒரு கூட்டம், பந்தி விசாரிக்க ஒரு கூட்டம். உப்பு மட்டும் ஒரே ஒரு கையில். ‘நீ போட்டிருப்பாய் என்று நினைத்தேன்’ என்றாலும் குழம்பு கெடும், ‘எதற்கும் நானும் போட்டேன்’ என்றாலும் கெடும். அசனத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற ஆட்கள், அலுவலகத்துக்கு வந்ததும் ‘எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்பார்கள். அப்படிச் சொன்ன வேலைக்குச் சொந்தக்காரன் இல்லை. மனச்சாட்சி உறுத்துகிற ஒருவர்தான் கடைசியில் அதைத் தூக்குவார். உங்கள் அலுவலகத்திலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வேலை, ஒருவர் பெயர், முடிக்கும் நாள், அவர் வராவிட்டால் யார். நான்காவது கட்டத்தைத்தான் எல்லாரும் காலியாக விடுவார்கள், விடாதீர்கள். ஜெபம் முடிந்ததும் அந்த நோட்டை வாசிக்க ஐந்து நிமிடம் போதும்.

பங்கீட்டில் குறை என்று யாராவது முணுமுணுத்தால் அப்போஸ்தலர் 6-ஐப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று புகார் வந்தது. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை அடக்கவில்லை. எல்லாரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்ததாகத்தான் தெரிகிறது. எல்லாப் புகாருக்கும் இது பொருந்தாது. ஆனால் டூட்டி போடுவதில் ஓரவஞ்சனை என்றால், அடுத்த மாதப் பட்டியலை அவரையே எழுதச் சொல்வதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புறணிக்கு மத்தேயு 18:15-17. முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குரூப், அடுத்தது சேகரத்து ஐயர் (சபைப் போதகர்), சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியவரும். தப்பு நடந்த ஒன்றிரண்டு நாளுக்குள் பேசிவிடுங்கள். ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்று தொடங்கினால் சண்டைதான் வரும். ‘செவ்வாய்க்கிழமை பில் போகவில்லை’ என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பணக் கையாடலுக்கும் பாலியல் தொந்தரவுக்கும் இந்த வசனத்தைக் காட்டி, ‘முதலில் அவரிடம் தனியாகப் பேசு’ என்று யாரையும் அனுப்பக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நீங்கள் பன்னிரண்டு பேர், ஆகவே உங்களுக்கும் அது கட்டாயம். பாதிக்கப்பட்ட பெண் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ‘மன்னித்துவிடு’ என்று புகாரை அமுக்குவது கிறிஸ்தவமும் அல்ல.

இனி மேலே இருப்பவர்கள். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா என்ற இந்திய ஊழியர், வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். 1912-இல் அவரே தோர்ணக்கல் பேராயர் ஆனார். அவர் கேட்டதை இன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளந்துவிடலாம். மேனேஜர் ஒரு மேசை, பெருக்குகிற அக்கா படிக்கட்டு என்றால் காலை ஜெபத்தில் ‘சகோதரி’ என்று கூப்பிட்டு என்ன பயன்?

மீதிப் பாதிப் பேரை மறந்துவிடாதீர்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் ஒரு கட்சியாகக் கூடினால் அங்கே குழு உடைந்தது. ஜெபத்துக்கு வராதவருக்கு அதனால் ஒரு குறையும் வரக் கூடாது. வேலைப் பேச்சை ஜெபத்தில் பேசி முடிக்கவும் கூடாது. கிறிஸ்துமஸுக்கும் ஞாயிறு காலைக்கும் உங்கள் இடத்தில் நிற்பவருக்குத் தீபாவளியிலும் ரம்ஜானிலும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்திலும் நீங்கள் நிற்க வேண்டும். அதையும் அவர் வந்து கேட்கும் முன்பே, மாதத் தொடக்கத்திலேயே, அந்த நோட்டில் எழுதிவிடுங்கள்.