கபாலாவில் இறைப் பிரசன்னமும் மனித சுதந்திரமும்: கேள்வி பதில்

கே: கடவுள் எங்கும் நிறைந்திருந்தால், மனிதன் தானாக முடிவெடுக்க இடம் ஏது?

ப: கபாலா என்பது யூத மறைஞான மரபு. அதன் பெரிய ஆசான் ஐசக் லூரியா (1534–1572) கலிலேயாவின் ஸஃபேத் நகரில் போதித்ததை அவருடைய சீடர் ஹாயிம் விட்டால் எழுதிவைத்தார். அதில் படைப்பு நடந்த வரிசை இது. முதலில் கடவுளின் எல்லையற்ற ஒளி மட்டுமே இருந்தது. அது தன்னைச் சுருக்கிக்கொண்டது, இதுதான் ட்சிம்ட்சும். சுருங்கிய இடத்தில் ஒளியின் சுவடு தங்கியது. அதற்குள் ஒரு கோடாக ஒளி மீண்டும் இறங்கியது. அதை ஏந்த வந்த கலங்களில் மேல் மூன்றும் தாங்கின, கீழுள்ளவை உடைந்தன. ஒளிப்பொறிகள் சிதறிப் பொருள்களுக்குள் சிக்கின. மனிதன் யூத வேதமான தோராவின் கட்டளையைச் செய்யும்போது அவை மீட்கப்படுகின்றன.

சுதந்திரம் அந்தச் சுருக்கம் தரும் மறைப்பில்தான் இருக்கிறது. ஒளி வெட்டவெளிச்சமாக நின்றால் மறுக்க யாராலும் முடியாது. மறுக்க முடியாத இடத்தில் ஏற்பதற்கும் மதிப்பில்லை. ஓர் எச்சரிக்கை: இதை வட்டமும் கோடுமாக மனதில் வரைந்து, இடம் என்றே நம்பிவிடாதீர்கள்.

கே: சுருங்கினார் என்றால் இங்கே அவர் இல்லை என்றுதானே பொருள்?

ப: 18ஆம் நூற்றாண்டில் கபாலா அறிஞர்களே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். இழிந்த பொருள்களிலும் இறைவனின் சாரம் இருக்கிறது என்பது அவர் மகிமைக்கு இழுக்கு, ஆகவே சுருக்கம் சொன்னபடியே நடந்தது என்றார் இம்மானுவேல் ரிக்கி. உடலற்றவருக்குச் சுருக்கமும் விலகலும் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார் யோசேஃப் எர்காஸ். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தின் குருவான லியாடியின் ஷ்னேயூர் சல்மான், 1796இல் அச்சான தன் நூல் தானியாவில் எர்காஸின் பக்கமே நிற்கிறார்: சூரிய வட்டத்துக்குள்ளேயும் கதிர் இருக்கிறது, ஆனால் அங்கே அதற்குத் தனி இருப்பு இல்லை. உலகமும் அவருக்குள் அப்படித்தான். ஒளி விலகவில்லை, நம் பார்வைக்கு மறைந்திருக்கிறது.

கே (அதே நண்பர்): அப்படியானால் உலகமே இல்லை. பாவம் செய்ய யார் இருக்கிறார்கள்?

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். வொலோஜினின் ஹாயிம் அஞ்சியதும் இதற்குத்தான். அவர் மறைவுக்குப் பின் 1824இல் வெளியான நெஃபெஷ் ஹஹாயிம் என்ற நூலில் 'அவர் (கடவுள்) தரப்பில்', 'நம் தரப்பில்' என்று பிரிக்கிறார். அவர் தரப்பில் எல்லாம் ஒன்றே, வேறெதுவும் இல்லை. நம் தரப்பில் தூய இடமும் அசுத்த இடமும் உண்டு. அசுத்தமான சந்தில் தோரா வார்த்தைகளைச் சிந்திக்கக் கூடாது என்ற சட்டமும் உண்டு. முதல் பார்வையை எடுத்து அன்றாடத்தை நடத்தினால், 'இங்கும் அவர்தானே' என்று அந்தச் சட்டம் முதலில் கரையும், பிறகு மற்றவையும் கரையும். கட்டளையும் தேர்வும் நம் தரப்பில் முழு உண்மை.

கே: இஸ்பிட்சாவின் மொர்தெகாய் யோசேஃப் எல்லாமே கடவுள் செயல் என்றாரே?

ப: ஆமாம். 'எல்லாம் வானத்தின் கையில், வானத்துக்கு அஞ்சுவது தவிர' என்கிறது யூதச் சட்ட மரபின் அடிப்படை நூலான தால்முத். வானம் என்றால் இங்கே கடவுள். அந்த அச்சமும் வானத்தின் கையில்தான், நமக்குத் தெரியும் தேர்வு ஒரு தோற்றம் என்பது அவர் போக்கு. ஹசிதியத்துக்குள்ளேயே இது ஓர் ஓரக் குரல். முதலில் வொலோஜினின் ஹாயிமைப் படியுங்கள், பிறகு இவரிடம் வாருங்கள்.

கே: கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால் சுதந்திரம் எப்படி?

ப: அது இடைக்கால யூதச் சிந்தனையாளர் மைமோனிடிஸின் கேள்வி. அவருடைய மனந்திரும்புதல் விதிகளில் 5ஆம் அதிகாரம் பாருங்கள்.

கே: செக்கினா ஒரு தனிப் பெண் தெய்வமா? நம் சக்தி போல?

ப: இல்லை. செக்கினா என்றால் உலகில் தங்கும் இறைப் பிரசன்னம். கடவுள் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளான செஃபிரோத்தில் கடைசியான மல்குத்தே அது. இஸ்ரவேலர் எங்கு நாடுகடத்தப்பட்டாலும் செக்கினாவும் உடன் சென்றது என்று தால்முத் சொல்கிறது. மனிதச் செயல் செக்கினாவை மேலுள்ள இன்னொரு நிலையான திஃபெரெத்துடன் சேர்க்கவோ பிரிக்கவோ செய்கிறது என்பது கபாலாவின் துணிச்சல்: மனிதத் தேர்வின் விளைவு தெய்வத்துக்குள்ளேயே எட்டுகிறது. கட்டளைக்கு முன் 'இந்த ஒருமைக்காக' என்று சொல்லும் வழக்கம் இதிலிருந்து வந்தது. பிராக் நகரின் யூத மதகுரு யெகெஸ்கேல் லாண்டாவ் அதைக் கடுமையாக எதிர்த்தார்.

கே: சிவப்பு நூல் கட்டினால்...

ப: அது தாயத்து விஷயம், இங்கே வேண்டாம்.

கே: சுருங்கிய அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது?

ப: மேலே சொல்லிவிட்டேன். அது இடமே அல்ல.

கே: நடைமுறையில் சுதந்திரம் எங்கே தொடங்குகிறது?

ப: எண்ணம், பேச்சு, செயல். ஆன்மாவின் உடைகள் என்று தானியா சொல்லும் மூன்றும் இவை. தானியாவின் 'நடுநிலையாளன்' (நீதிமானும் அல்லாத, தீயவனும் அல்லாத மனிதன்) ஆசை எழுவதைத் தடுக்க முடியாதவன். ஆனால் எழுந்ததை இந்த மூன்றிலும் உடுத்தாமல் விடுவது அவன் கையில். இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, கெட்ட எண்ணம் வந்ததே என்று சோர்வது. 27ஆம் அதிகாரம் அதை மறுக்கிறது: வந்ததை விட்டு மனதைத் திருப்புவதே ஒரு கட்டளையின் நிறைவேற்றம். மற்றொன்று, ஜெபத்தில் குறுக்கிடும் எண்ணத்தோடு வாதாடுவது. 28ஆம் அதிகாரம் சொல்வது, அழுக்கானவனோடு மல்லுக்கட்டினால் நாமும் அழுக்காவோம். பதில் சொல்லாமல் ஜெபத்தின் அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள்.